ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை

1982 ஜூன் 25, வெள்ளிக்கிழமை. அமெரிக்கத் திரையரங்குகளுக்கு அன்று வந்த படங்களில் இரண்டு, ரிட்லி ஸ்காட்டின் ‘பிளேட் ரன்னர்’, ஜான் கார்பென்டரின் ‘தி திங்’. இரண்டும் பணம் போட்டவர்கள் எதிர்பார்த்த வசூலைத் தரவில்லை. விமர்சகர்கள் முதல் படத்தை அரைமனதோடு ஏற்றார்கள். இரண்டாவதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். இன்று இரண்டுமே கல்ட் கிளாசிக் வரிசையில் நிற்கின்றன என்பதால் இரண்டின் கதையையும் ஒன்றாகவே சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. அது சரியல்ல. ‘பிளேட் ரன்னர்’ நடுவில் மாறிய படம். ஸ்டுடியோ திணித்திருந்த பின்னணிக் குரலும் சுபமான முடிவும் 1992-ல் வெளிவந்த வடிவத்தில் நீக்கப்பட்டன. 2007-ல் ஸ்காட் மறுபடியும் திருத்தி ‘ஃபைனல் கட்’ என்று வெளியிட்டார். ஆகவே இன்றைய ரசிகர் கொண்டாடும் படமும் 1982-ன் விமர்சகர் பார்த்த படமும் ஒன்றல்ல என்று அந்த விமர்சகருக்காக வாதாடலாம். ‘தி திங்’ விஷயத்தில் அந்த வாதத்துக்கு இடமே இல்லை. கார்பென்டர் அதைத் திரும்ப வெட்டவில்லை, ஒட்டவில்லை. அன்று காறித் துப்பப்பட்ட அதே படம்தான் இன்று திகில் படங்களின் உச்சிகளில் ஒன்றாகப் பேசப்படுகிறது. படம் மாறவில்லை என்றால் மாறியது எது? காலம் மாறியது, ரசனை வளர்ந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. மாறியது படம் பார்க்கும் முறை. அதை மாற்றியது வீடியோ கேசட்.

கதையின் மூலம் 1938-ல் வந்த ஒரு குறுநாவல். ஜான் டபிள்யூ. கேம்பல் அதை ஒரு புனைபெயரில் ‘அஸ்டவுண்டிங்’ இதழில் எழுதினார். அன்டார்க்டிகாவில் பனிக்குள் புதைந்திருந்த வேற்றுக்கிரக உயிர் ஒன்று வெளியே வருகிறது. தொட்ட உயிரை விழுங்கி, அதே உருவத்தை அச்சுப் பிசகாமல் எடுத்துக்கொள்ளும். 1951-ல் ஹாவர்ட் ஹாக்ஸ் தயாரிப்பில் கிறிஸ்டியன் நைபி இதைப் படமாக்கியபோது உருமாறும் சங்கதியை விட்டுவிட்டு, தாவர இனத்தைச் சேர்ந்த ஒரு ராட்சசனை வைத்துக்கொண்டார்கள். அந்தப் படம் கார்பென்டருக்குப் பிடித்த படம். ‘ஹாலோவீன்’ படத்தில் குழந்தைகள் தொலைக்காட்சியில் பார்ப்பதும் அதைத்தான். ஆனால் தன் முறை வந்தபோது அவர் பழைய படத்தைத் தொடவில்லை, கேம்பலிடமே திரும்பிப் போனார். பில் லங்காஸ்டர் திரைக்கதை எழுதினார். பனிப்பாலையில் ஓர் ஆய்வு முகாம், பன்னிரண்டு ஆண்கள். அவர்களில் யார் மனிதன், யார் மனிதன் மாதிரி இருக்கும் ‘அது’ என்று எவருக்கும் தெரியாது. யுனிவர்சல் ஸ்டுடியோ ஏறத்தாழ 1.5 கோடி டாலர் செலவழித்தது. மூன்றரை லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் ‘ஹாலோவீன்’ எடுத்தவருக்கு அது பெரிய பணம்.

வசூல் அமெரிக்காவில் இரண்டு கோடி டாலரைத் தொடவில்லை. இரண்டு வாரம் முன்பு, ஜூன் 11 அன்று, அதே யுனிவர்சல் ‘ஈ.டி.’யை வெளியிட்டிருந்தது. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த அன்பான சின்ன உயிரைப் பார்த்து நாடே கண்கலங்கிக்கொண்டிருந்த நேரத்தில், நாயின் முகத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும் வேற்றுக்கிரக உயிரைக் காட்டினால் என்ன ஆகும்? ‘நியூயார்க் டைம்ஸ்’ஸின் வின்சென்ட் கேன்பி படத்தைக் குப்பை என்றே எழுதினார். ரோஜர் ஈபர்ட் நான்குக்கு இரண்டரை நட்சத்திரம் தந்து, பாத்திரங்கள் சரியாக உருவாகவில்லை என்றார். ‘ஸ்டார்லாக்’ என்ற அறிவியல் புனைவு இதழ், கார்பென்டர் சாலை விபத்துகளையும் சவுக்கடிகளையும் படமாக்கத்தான் பொருத்தமானவர் என்ற தொனியில் ஏசியது. ‘சினிஃபன்டாஸ்டிக்’ இதழோ, எல்லாக் காலத்திலும் அதிகம் வெறுக்கப்பட்ட படம் இதுதானா என்று அட்டையிலேயே கேட்டது. இந்தக் கடைசி இரண்டையும் கவனிக்க வேண்டும். இவை இந்த வகைப் படங்களுக்காகவே நடத்தப்பட்ட பத்திரிகைகள். திகில் படம் பிடிக்காத மேட்டுக்குடி விமர்சகர்கள் சேர்ந்து ஒரு நல்ல படத்தைக் கவிழ்த்தார்கள் என்று பின்னாளில் பரவிய கதை அதனால் நிற்காது. சொந்த வீட்டிலேயே சோறு மறுக்கப்பட்ட படம் இது. கார்பென்டருக்கு வரவிருந்த ‘ஃபயர்ஸ்டார்ட்டர்’ பட வாய்ப்பு பறிபோனது. யுனிவர்சல் பணம் கொடுத்து அவருடனான ஒப்பந்தத்தையே முடித்துக்கொண்டது. தன் தோல்விகளில் தன்னை அதிகம் உடைத்தது இதுதான் என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அந்த விமர்சனங்களை இன்று எடுத்துப் படிப்பவருக்கு ஒன்று புலப்படும். அவர்கள் படத்தைத் தவறாகப் பார்க்கவில்லை. அவர்கள் சொன்ன குறைகள் மூன்று: ஆட்களுக்குள் யார் யார் என்றே பிடிபடவில்லை, கதை எந்த நம்பிக்கையும் தராமல், முடிவும் சொல்லாமல் நின்றுவிடுகிறது, ரத்தமும் சதையும் பிய்யும் காட்சிகள் மற்ற எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடுகின்றன. மூன்றும் உண்மை. பார்க்கா கோட்டும் தாடியுமாகப் பன்னிரண்டு ஆண்கள் அரை வெளிச்சத்தில் நடமாடும்போது, முதல் முறை பார்ப்பவருக்குப் பாதிப் பெயர்கள் மனத்தில் தங்காது. கடைசியில் முகாம் எரிந்துகொண்டிருக்க, மிஞ்சிய இருவர் எதிரெதிரே உட்கார்ந்து ஒரு பாட்டிலைப் பகிர்ந்துகொள்கிறார்கள். இருவரில் எவராவது ‘அது’வா என்று படம் சொல்வதில்லை. நூற்றொன்பது நிமிடம் பயந்து நடுங்கிவிட்டு வெளியே வரும் பார்வையாளருக்கு இது ஏமாற்றம்தான். படத்தின் குணங்களைச் சரியாக எண்ணிச் சொன்ன விமர்சகர்கள், அவை எதற்காக வைக்கப்பட்டவை என்பதைத்தான் தவறவிட்டார்கள். ஒருமுறை பார்த்து அன்றிரவே எழுதியாக வேண்டியவருக்கு அதைப் பிடிக்க வழி இருந்ததா? இருக்கவில்லை என்பதே என் எண்ணம். இரண்டாம் முறை பார்க்கும்போது மட்டுமே திறக்கும்படி கட்டப்பட்ட படத்தை, இரண்டாம் முறை பார்ப்பது அரிதாக இருந்த ஓர் ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். ஓடாத படத்தைத் திரையரங்கு சில வாரங்களில் தூக்கிவிடும். பிறகு அதைத் தேடிப் பிடிக்க முடியாது.

இங்கே யுனிவர்சல் ஸ்டுடியோவின் இன்னொரு வரலாறு குறுக்கிடுகிறது. 1976-ல் யுனிவர்சலும் வால்ட் டிஸ்னி நிறுவனமும் சேர்ந்து சோனி நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டன. சோனியின் பீட்டாமேக்ஸ் கருவி தொலைக்காட்சியில் வரும் படங்களைப் பதிவுசெய்ய உதவுகிறது, ஆகவே அது காப்புரிமைத் திருட்டுக்குத் துணைபோகிறது என்பது புகார். 1979-ல் கீழ் நீதிமன்றம் சோனி பக்கம் நின்றது. 1981 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் யுனிவர்சல் பக்கம் திரும்பியது. 1982 ஏப்ரலில், ‘தி திங்’ வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஸ்டுடியோக்களின் சங்கத் தலைவர் ஜாக் வலன்டி நாடாளுமன்றக் குழு முன் போய், தனியாக இருக்கும் பெண்ணுக்குப் கழுத்தை நெரிக்கும் பாஸ்டன் நகரத்துக் கொலைகாரன் எப்படியோ அப்படித்தான் திரைத்தொழிலுக்கு வி.சி.ஆர். எனும் வீடியோ பதிவுக் கருவி என்று சாட்சி சொன்னார். 1984 ஜனவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சோனிக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு நீதிபதி மாறி வாக்களித்திருந்தால் அமெரிக்க வீடுகளில் அந்தக் கருவியின் கதை வேறாக இருந்திருக்கும். 1980-ல் நூறு வீட்டுக்கு ஓரிரு வீட்டில் இருந்த வி.சி.ஆர்., அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பாதிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குள் வந்துவிட்டது. தெருவுக்குத் தெரு கேசட் வாடகைக் கடைகள் முளைத்தன. எந்தக் கருவியைத் தடுக்க யுனிவர்சல் எட்டு ஆண்டு வழக்காடியதோ, அந்தக் கருவிதான் யுனிவர்சலே கைகழுவிய படத்தைக் காப்பாற்றியது.

காப்பாற்றியது எப்படி என்பதைப் படத்துக்குள் போய்ப் பார்த்தால்தான் தெரியும். தொடக்கக் காட்சியில் பனிவெளியில் ஒரு நாய் ஓடிவருகிறது. ஹெலிகாப்டரில் வரும் நார்வேக்காரர்கள் அதைச் சுட முயல்கிறார்கள். தரையிறங்கிய ஒருவர் துப்பாக்கியோடு ஏதோ கத்துகிறார். அமெரிக்கர்களுக்குப் புரியவில்லை, பெரும்பாலான பார்வையாளர்களுக்கும் புரியாது. இது நாய் இல்லை, நாயைப் போல நடிக்கும் ஒன்று, விலகுங்கள் என்று அவர் நார்வே மொழியில் முழுக் கதையையும் அங்கேயே சொல்லிவிடுகிறார். சிறிது நேரம் கழித்து அந்த நாய் ஆளில்லாத நடைவழியில் சத்தமில்லாமல் நடந்து ஓர் அறைக்குள் நுழைகிறது. சுவரில் ஒரு மனிதனின் நிழல், திரும்பிப் பார்க்கிறது, காட்சி இருண்டுவிடுகிறது. யாருடைய நிழல்? படம் கடைசிவரை சொல்வதில்லை. அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகவே அந்தப் பாத்திரங்களில் நடித்த எவரையும் நிறுத்தாமல் ஒரு சண்டைக் கலைஞரின் நிழலைப் படம்பிடித்தார்கள். இன்னொரு இடத்தில், ரத்தம் சேமித்து வைத்த பெட்டியை யாரோ பூட்டை உடைக்காமல் திறந்து நாசம் செய்திருக்கிறார்கள். சாவி யாரிடம் இருந்தது என்பதில் ஒருவர்மேல் ஒருவர் பாய்கிறார்கள். விடைக்கான ஒரு நூல் முன்பே திரையில் விழுந்து கிடக்கிறது: தோழன் ஒருவன் ‘அது’வாக மாறிக்கொண்டிருப்பதைக் கண்டு மிரண்ட விண்டோஸ் என்ற முகாம்வாசியின் கையிலிருந்து சாவிக்கொத்து நழுவுகிறது. எதிரே அப்படியொரு கோரம் நடக்கும்போது முதல் முறை பார்ப்பவர் சாவியைப் பார்க்க மாட்டார்.

ரத்தப் பரிசோதனைக் காட்சி இதன் உச்சம். ஹெலிகாப்டர் ஓட்டும் மெக்ரெடி, கர்ட் ரஸ்ஸல் நடித்த பாத்திரம், எல்லோரையும் கட்டிப்போட்டு ஒவ்வொருவரின் ரத்தத்தையும் சின்னக் கண்ணாடித் தட்டில் எடுக்கிறான். ‘அது’வின் ஒவ்வொரு துளியும் தனி உயிர், சுட்டால் தப்பிக்கப் பார்க்கும் என்பது அவன் ஊகம். செம்புக் கம்பியைத் தீயில் காய்ச்சித் தட்டில் நனைக்கிறான். சுர்ரென்ற சத்தம், வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு தட்டாக நகர்கிறது. முகாம் தலைவர் கேரியின் மேல் நம் சந்தேகம் குவிந்திருக்கும் தருணத்தில், உன்னைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன் என்று அவரிடம் பேசிக்கொண்டே மெக்ரெடி கம்பியை வேறொரு தட்டில் வைக்க, ரத்தம் கிறீச்சிட்டு எகிறுகிறது. அது பாமர் என்பவனின் ரத்தம். முதல் முறை பார்ப்பவர் நாற்காலியில் துள்ளிவிடுவார், அவ்வளவுதான். கேசட்டைப் பின்னோக்கி ஓட்டிப் பார்ப்பவர் பாமரின் முகத்தைத் தேடுவார். இன்னும் பின்னால் போனால் வேறொன்று கிடைக்கும்: துண்டான ஒரு தலை சிலந்திக்கால் முளைத்து நழுவி ஓடும்போது, நம்ப முடியாமல் வாய்விட்டுச் சொல்லி எல்லோர் கவனத்தையும் அதன்மேல் திருப்புவதும் இதே பாமர்தான். அப்போதே அவன் மனிதனாக இல்லை என்றால், ‘அது’ தன் இன்னொரு பகுதியைக் காட்டிக்கொடுத்துத் தன்னைக் காத்துக்கொண்டது. யார் யாரென்று பிடிபடவில்லை என்ற பழைய குறை இங்கே தலைகீழாகிறது. பிடிபடாமல் போவதே கதை. பிடிபடும்வரை பார்ப்பதற்கு வாடகைக் கேசட்டும் ‘பாஸ்’ பொத்தானும் வேண்டியிருந்தன.

ரத்தக்களறி என்று ஒதுக்கப்பட்ட காட்சிகளுக்கும் இதே கதி. அவற்றை உருவாக்கிய ராப் பொட்டீனுக்கு அப்போது வயது இருபதுகளின் தொடக்கம். ரப்பர், மெழுகு, உணவைக் கெட்டியாக்கும் பொடி, மயோனைஸ், உருக்கிய பபிள்கம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வைத்து ஓராண்டுக்கு மேல் ஓய்வில்லாமல் உழைத்து, கடைசியில் மருத்துவமனையில் படுத்தார். நாய்க்கூண்டுக் காட்சிக்கான உருவத்தைச் செய்துகொடுக்க ஸ்டான் வின்ஸ்டன் வந்தார். பெயர் பொட்டீனுக்கே போகட்டும் என்று தனக்கான இடத்தை வேண்டாமென்றார். மருத்துவர் அழுத்தும்போது நோயாளியின் மார்பு வாயாகப் பிளந்து அவர் இரு கைகளையும் கடித்துத் துண்டிக்கும் காட்சிக்கு, உண்மையிலேயே இரு கைகளையும் இழந்த ஒருவருக்கு மெழுகு எலும்பும் ரப்பர் நரம்புமாகப் போலிக் கைகளைப் பொருத்தினார்கள். திரையரங்கில் இவை அருவருப்பாக மட்டும் வந்து மோதின. வீட்டில் நிறுத்தி நிறுத்திப் பார்த்த இளைஞர்கள் அவற்றில் தச்சு வேலையைக் கண்டார்கள், சிற்ப வேலையைக் கண்டார்கள். 2011-ல் இதே பெயரில் முன்கதைப் படம் ஒன்று எடுத்தபோது கைவேலை உருவங்களையும் செய்துவிட்டு, பிறகு அவற்றில் பெரும்பாலானவற்றின் மேல் கணினி வரைகலையைப் பூசி மறைத்தார்கள். அந்தப் படம் எடுபடவில்லை.

கேசட்தான் படத்தைக் காப்பாற்றியது என்ற என் வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதலாவது, காலம்தான் படத்துக்குப் பொருள் தந்தது என்பது. 1982 செப்டம்பரில்தான் எய்ட்ஸ் என்ற பெயரே அரசு மருத்துவத் துறையின் வழக்குக்கு வந்தது. ரத்தத்தில் அந்தத் தொற்றைக் கண்டறியும் பரிசோதனைக்கு 1985-ல் அனுமதி கிடைத்தது. வெளியே நலமாகத் தெரிபவரின் ரத்தத்துக்குள் என்ன இருக்கிறது என்ற பயம் நாடெங்கும் பரவியபோது, கட்டிவைத்து ரத்தம் சோதிக்கும் காட்சி புதிதாகக் கனத்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் எதிரியின் ஆளோ என்ற சந்தேகம் அமெரிக்காவுக்கு 1982-ல் புதிதல்ல. கேம்பல் எழுதிய 1938-லும் அந்நியர் பயத்துக்குக் குறைவில்லை. தன்னோடு ஒத்திசைக்கக்கூடிய பயம் ஒன்று எல்லாக் காலத்திலும் இருக்க, படம் ஏன் முதல் கோடையில் மட்டும் ஊமையாக இருந்தது? காலத்தின் அச்சம் ஒரு படத்துக்குள் நுழைய வேண்டுமானால் அந்தப் படம் அந்தக் காலத்தில் மக்கள் கையில் இருக்க வேண்டும். 1985-ல் பரிசோதனைக்குப் போய் வந்தவர் ‘தி திங்’கைப் பார்த்தாரென்றால் அது அநேகமாக வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியில்தான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. எண்பதுகளில் தோற்ற படங்கள் பெரும்பாலும் கேசட்டாக வந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கடையிலேயே தூசி படிந்து மறைந்தன. கேசட் காப்பாற்றுமென்றால் எல்லாவற்றையும் அல்லவா காப்பாற்றியிருக்க வேண்டும்? இல்லை. கேசட் தருவது மறுவிசாரணைக்கான வாய்ப்பு மட்டும்தான்; விசாரணையில் வெல்லப் படத்திடம் சரக்கு இருக்க வேண்டும். ஒரே பார்வையில் எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்ந்துவிடும் படத்தை எத்தனை முறை ஓட்டினாலும் அதேதான் கிடைக்கும். கார்பென்டர் சொல்லாமல் விட்ட இடங்கள்தான் ஆளுக்கொரு விளக்கத்தையும், விளக்கத்துக்கு விளக்கத்தையும் கிளப்பின. கடைசிக் காட்சியில் ஒருவனின் மூச்சு ஆவியாகத் தெரிகிறது, மற்றவனுடையது ஏன் தெரியவில்லை என்று நாற்பது ஆண்டுகளாக வாதாடுகிறார்கள். இந்த வாதம் எப்போதாவது தீரும் என்று நான் நினைக்கவில்லை, தீர வேண்டும் என்றும் ஆசை இல்லை. சிறுவயதில் பார்த்ததன் மயக்கம்தான் இந்தப் புகழ் என்று சொல்பவர்களுக்கும் இதுவே பதில். 1982-க்குப் பிறகு பிறந்தவர்கள் அந்த வாதத்தில் அதே ஆவேசத்தோடு நிற்கிறார்கள். அவர்களுக்கு அந்தக் கோடையின் நினைவே கிடையாது.

படத்தைக் கைதூக்கிவிட்டவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு ஒரே ஒருவரைச் சொன்னால் போதும். எண்பதுகளில் கலிஃபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச்சில் ‘வீடியோ ஆர்க்கைவ்ஸ்’ என்ற வாடகைக் கடையில் குவென்டின் டரன்டினோ வேலை பார்த்தார். அடைபட்ட இடத்தில் ஒருவரையொருவர் நம்ப முடியாமல் தவிக்கும் ஆண்களின் கதையாக 1992-ல் ‘ரிசர்வாயர் டாக்ஸ்’ எடுத்தார். அதில் ‘தி திங்’கின் பாதிப்பு உண்டென்று அவரே சொல்லியிருக்கிறார். 2015-ல் வந்த ‘தி ஹேட்ஃபுல் எய்ட்’ படத்தில் மறுபடியும் பனி, மறுபடியும் ஒரே கூரைக்கடியில் சந்தேகம், மறுபடியும் கர்ட் ரஸ்ஸல். இசைக்கு என்னியோ மாரிக்கோனேயை அழைத்தார். ‘தி திங்’குக்கு இசையமைத்தவர் மாரிக்கோனே, அந்த வேலைக்காக ஆண்டின் மோசமான இசைக்கான ராஸி விருதுப் பட்டியலில் அவர் பெயர் வந்தது. ‘தி திங்’குக்கென்று எழுதி அதில் சேராமல்போன சில பகுதிகளையும், புதிதாக எழுதியவற்றையும் சேர்த்து ‘தி ஹேட்ஃபுல் எய்ட்’டில் பயன்படுத்தினார்கள். 2016-ல் அதற்காக மாரிக்கோனேவுக்கு ஆஸ்கர் கிடைத்தது. வாழ்நாள் சாதனைக்காகத் தந்த கௌரவ விருதை விட்டுவிட்டால், போட்டியில் அவர் வென்ற ஒரே ஆஸ்கர் அது.

படத்தின் புகழ் அதன் கதை நடக்கும் பனிக்கண்டம் வரை போய்விட்டது. தென்துருவத்தில் அமெரிக்க ஆய்வு நிலையத்தில் குளிர்காலம் முழுக்கத் தங்குபவர்கள், பிப்ரவரியில் கடைசி விமானம் புறப்பட்ட பிறகு, ஒன்றாக உட்கார்ந்து ‘தி திங்’ பார்ப்பதை ஒரு மரபாகவே வைத்திருக்கிறார்கள். அடுத்த பல மாதங்களுக்கு அவர்களுக்கு வெளியேற வழி கிடையாது.

இந்த வரலாறு முழுக்க ஒரு சின்ன ஏற்பாட்டின்மேல் நிற்கிறது. படம் தோற்ற பிறகும் அதன் பிரதிகள் ஸ்டுடியோவின் பிடிக்கு வெளியே, ஆயிரக்கணக்கான கடைகளில், வீடுகளில் கிடந்தன. யாரும் அவற்றைத் திரும்பப் பெற்றிருக்க முடியாது. இன்று அந்த ஏற்பாடு கலைந்துகொண்டிருக்கிறது. 2022-ல் வார்னர் நிறுவனம் ஏறக்குறைய முடிந்திருந்த ‘பேட்கேர்ள்’ படத்தை வெளியிடாமலே கிடப்பில் போட்டது. 2023-ல் டிஸ்னி தன் சொந்தப் படங்களையும் தொடர்களையும் கட்டுக்கட்டாகத் தன் ஓடிடி தளத்திலிருந்து எடுத்தது; அவற்றில் பல வட்டாக வந்ததே இல்லை. அவற்றில் எது நல்ல படம், எது குப்பை என்ற வழக்குக்கு நான் வரவில்லை. முதல் வாரத் தீர்ப்பை மேல்முறையீடு செய்ய ஒரு பிரதி வேண்டும், அது இல்லாமல் போகிறது என்பதுதான் என் கவலை. நம்மூர்த் தயாரிப்பாளர்களுக்கும் தளங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: ஓடவில்லை என்பதற்காக ஒரு படத்தை மக்கள் கைக்கு எட்டாமல் பூட்டிவிடாதீர்கள். வட்டாகவோ கோப்பாகவோ விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ள விடுங்கள்.